கூந்தலில் ஒரு சரம்

மலேசியாவின் கலும்பாங் தோட்டத்து லயத்து வீட்டில், சாமி மேடைக்கு மேலே பாட்டி மாட்டியிருந்த லட்சுமி படம் இன்று ஞாபகம் வந்தது. கையில் தாமரை, பக்கத்தில் மாலை ஏந்திய யானை. அது ரவிவர்மாவின் ஓவியத்தைப் பார்த்து அச்சடித்தது என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம்தான் இப்படிப்பட்ட படங்களைச் சாதாரண வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது.

ஆனால் என் மனம் நிற்பது 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வாங்கிய அவருடைய ஓவியத்தின் நாயர் பெண்ணிடம். கண்ணாடி பார்த்துக் கூந்தலில் பூச்சரம் சூடுகிறாள். அந்த ஒரு நிமிடம் முழுக்க அவளுடையது.

விடியுமுன் தோட்டத்துப் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடிய பாட்டிக்கு அந்த நிமிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வாய்க்கும். வாசல் செடி மல்லிகையை வாழைநாரில் கட்டி, ரசம்போன கண்ணாடியில் பார்த்து வைப்பார். மிச்சத்தைக் கிள்ளி என் சடையிலும்.