தூரமும் நேரமும்

புவியியல் வகுப்பு என்றால் எங்களுள் பலருக்குக் கொட்டாவி வருவது வழக்கம். ஆனால் 2025 ஜூலையில் ஒரு நாள் நடந்த வகுப்பை நாங்கள் என்றும் மறக்க மாட்டோம்.

"திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம்? பறக்க எவ்வளவு நேரம்? கணக்கிடுங்கள்" என்றார் ஆசிரியை. அவ்வாண்டு மார்ச் 30 அன்றுதான் இவ்விரு ஊர்களுக்கும் இடையே நேரடி விமானம் தொடங்கியிருந்தது.

தேசப்படத்தை விரித்தோம். பலாலி, திருச்சிக்குத் தெற்கே ஏறக்குறைய ஒரு பாகை. கிழக்கே ஒன்றேகால் பாகைக்குச் சற்று அதிகம். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என வைத்து, பிதாகரஸ் தேற்றத்தையும் துணைக்கு அழைத்தோம். விடை ஏறக்குறைய 180 கிலோமீட்டர்! சென்னைக்குச் செல்லும் சாலைத் தூரத்தில் பாதியளவே. கடல் கடந்த ஊர் இத்தனை அருகிலா என்று வியந்தோம்.

அவ்வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகமுடையது. வகுத்துப் பார்த்து, "22 நிமிடம்!" என்று ஒரே குரலில் கூவினோம்.

ஆசிரியை சிரித்தார். "கால அட்டவணையில் ஒரு மணி நேரம் என்றல்லவா இருக்கிறது?"

இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. அப்படியானால் மீதி நிமிடங்கள் எங்கே போயின? அவரே விளக்கினார். விமானம் ஓடுபாதை வரை மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டும். மேலே ஏறும்போது வேகம் குறைவு. முழு வேகத்தில் சற்று நேரம் பறப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். பின் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி, இறங்கி, நிற்குமிடம் சேர வேண்டும். குறுகிய பயணத்தில் நேரத்தின் பெரும்பகுதி இவற்றுக்கே போய்விடுகிறது.

அப்போது எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். "எங்கள் அம்மம்மாவுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, டீச்சர்" என்றாள்.

அவளுடைய அம்மம்மா 1990 ஆம் ஆண்டுப் போரின்போது மன்னார்க் கரையில் இரவில் படகேறி இராமேசுவரம் வந்தவர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் உடன்பிறந்த தங்கை யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டார். 2009 இல் போர் முடிந்த பின்னும் இருவரும் சந்திக்கவில்லை. அம்மம்மாவிடம் கடவுச்சீட்டு இல்லை. கொழும்பு வரை சாலையில் சென்று, அங்கிருந்து விமானம் ஏற முதிய தங்கைக்கு உடல் வலிமை இல்லை. வகுப்பு முழுவதும் அமைதியானது.

காலாண்டு விடுமுறையில் அந்தத் தங்கை திருச்சிக்கு வந்தார். தோழியுடன் நாங்கள் நால்வரும் வரவேற்கச் சென்றோம். சக்கர நாற்காலியில் வெளியே வந்தவர் அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டு, "பிளேனிலை ஒரு மணித்தியாலம்தான், அக்கா!" என்றார்.

"எனக்கு முப்பத்தைஞ்சு வருஷமடி" என்றார் அம்மம்மா. அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை. எங்கள் கண்களும் கலங்கின.

எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த 22 நிமிட விடையை நாங்கள் அழிக்கவில்லை. அதன் கீழே ஒரு மணி நேரம் என்று எழுதினோம். அதற்கும் கீழே 35 ஆண்டுகள் என்று எழுதி வைத்திருக்கிறோம்.