நாலு வேலை செய்யும் தண்ணீர்

2024 மார்ச்சில் ஒரு காலை. லால்பாக்கின் சித்தாபுரம் வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு வீட்டின் பின்கட்டில், பியுசி படிக்கும் பேத்தி கன்னட நாளிதழை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினாலோ, வண்டி கழுவினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்தார். “குழாய்த் தண்ணியைச் செடிக்கு ஊத்தறவங்களும் இருக்காங்களா?”

அதில் கேலி இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். எழுபது வயதைத் தாண்டிய அவர் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து, மனிதர் குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பைக்கூட நேராகச் செடிக்கு ஊற்றியதில்லை.

ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் இருந்த தோட்டத்தில் இந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது, வீடு போக, முப்பதுக்கு நாற்பது அடியில் ஒரு சைட். அதில் ஒரு மூலையில் மாட்டுக் கொட்டகை. கறவைப் பசு ஒன்று, அதன் கிடாரி ஒன்று. ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி புறக்கடை வளர்ப்புக்கென்று உருவாக்கிய கிரிராஜா இனக் கோழிகள் ஒரு டஜன். மிச்ச இடத்தில் இருபது குண்டுமல்லிச் செடிகள், இரண்டு பாத்தி தண்டுக்கீரை, ஒரு பாத்தி வெந்தயம், நாலு வாழை, முருங்கை, கறிவேப்பிலை. சுவரோரப் பந்தலில் சௌசௌ. தமிழ்நாட்டில் பலர் அதை இன்னும் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அது கத்தரிக்காயும் அல்ல, பெங்களூரில் பிறந்ததும் அல்ல. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. வந்தவர்களைத் தன்னுடையவர்களாகவே ஆக்கிக்கொள்வது இந்த ஊரின் பழைய குணம்.

சிவராத்திரி முடிந்ததும் பெங்களூரில் குளிர் விலகும். அன்றிலிருந்து பாட்டியின் கணக்கும் தொடங்கிவிடும். அரிசி, பருப்பு களைந்த தண்ணீர் கழுநீர்ப் பானைக்குப் போகும். தவிடும் பிண்ணாக்கும் சேர்ந்து மாட்டுக்கு. குளித்த தண்ணீர் வாழைக்கு. துணி அலசிய கடைசித் தண்ணீர் கொட்டகை கழுவ. கொட்டகை கழுவிய தண்ணீர் சாணத்தோடும் மூத்திரத்தோடும் குழியில் இறங்கி, இரண்டு நாள் ஊறி, கீரைப் பாத்திக்கு. கீரையின் முற்றிய தண்டு மறுபடி மாட்டின் வாய்க்கு. “ஒரு குடம் தண்ணி நாலு வேலை செய்யணும். அப்பத்தான் அதுக்குச் சோறு போடலாம்” என்பார். மருமகள் முதலில் சலித்துக்கொண்டவர். “கை கழுவற தண்ணியைக்கூட அத்தை கண்ணு வெச்சுப் பார்ப்பாங்க” என்று சிரிக்கும் அவர் இப்போது தானும் அப்படித்தான் பார்க்கிறார்.

இந்தக் கணக்கு ஒரு வீட்டின் சிக்கனம் மட்டுமல்ல. இவர்கள் திகளர்கள். தமிழர்களைக் குறிக்கும் பழைய கன்னடச் சொல் அது. வன்னிகுல க்ஷத்திரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இந்தச் சமூகத்தார் பெங்களூரின் பரம்பரைத் தோட்டக்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த முன்னோர் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. ஹைதர் அலி 1760-ல் லால்பாக்கை அமைக்கத் தொடங்கினார். 1809-ல் பிரிட்டிஷாரின் கன்டோன்மென்ட் வந்தது. பாளையத்துக்கு முட்டைக்கோசும் காலிஃபிளவரும் தேவைப்பட்டன. ‘தோட்ட நகரம்’ என்ற பட்டம் அரண்மனைகளும் பங்களாக்களும் மட்டும் சம்பாதித்ததல்ல. அதில் இவர்களுடைய மண்வெட்டிக்கும் பங்குண்டு. வீட்டில் இவர்கள் பேசும் தமிழில் கன்னடமும் தெலுங்கும் கலந்திருக்கும். பேத்தி பாட்டியை ‘அஜ்ஜி’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஊருக்குள் பெரிய ஆறு இல்லாத நகரத்தில் தோட்டம் எப்படி நடந்தது? ஏரிகளால். ஏரி நிறைந்தால் அதற்குக் கீழே உள்ள தோட்டக் கிணறுகளில் ஊற்று நிற்கும். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் எடுத்து உரமாகப் போடலாம். ஈரம் காயாத ஏரிப்படுகையில் முளைக்கும் புல் மாடுகளுக்கு. ஏரி, கிணறு, மாடு, தோட்டம் எல்லாம் ஒரே குடும்பம். 1896-ல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தபோது அந்தக் குடும்பம் பிரியத் தொடங்கியது. 1974-ல் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து காவிரி மேடேறி வந்தது. குடிக்க ஏரி வேண்டாம் என்றான பிறகு, ஏரி வெறும் காலி மனையாகத் தெரிந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரியின் மேல் கண்டீரவா ஸ்டேடியம்.

சம்பங்கி ஏரியில் ஒரு சிறு குளம் மட்டும் தப்பியது. தப்பவைத்தது கரகம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் ஒன்பது நாள் திருவிழாவில் திகளர்கள் திரௌபதியைக் கொண்டாடுகிறார்கள். பெண் வேடமிட்ட பூசாரி பூக்கூம்பாக நிற்கும் கரகத்தைத் தலையில் தாங்க, வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வர, திகளர்பேட்டை தர்மராயர் கோவிலிலிருந்து ஊர்வலம் புறப்படும். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நிற்கும். சடங்குக்கு நீர்நிலை வேண்டும். ஏரியை இழந்த தோட்டக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஸ்டேடியத்தின் பக்கத்தில் அதன் மிச்சத்தைத் தேடிப் போகிறார்கள்.

2024-ல் கரக ராத்திரி ஏப்ரல் 23 அன்று. குண்டுமல்லிக்குக் கோடைதான் காலம். வெயில் ஏற ஏற மொட்டு கூடும். திருவிழாவுக்கு முந்தைய வாரம் பாட்டியும் மருமகளும் பொழுது விடியும் முன்பே மொட்டுகளைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றிவைத்தார்கள். இருபது செடிப் பூவால் கரகம் நிறையாது. ஆனாலும் இந்த வீட்டுப் பூ போகாத வருடம் இல்லை.

பூ நிறையக் கிடைத்த அந்தக் கோடையில் தண்ணீர் இல்லை. நகரத்தில் அரசு ஆழ்குழாய்க் கிணறுகள் 13,900-ல் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். மாவட்ட நிர்வாகம் தண்ணீர் லாரிக்கு விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். ஏப்ரல் கடைசியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. கோழிக்கூண்டின் மேல் ஈரச்சாக்கு போட்டும் முட்டை குறைந்தது. ராகித் தாள் விலை ஏறியது. மகன் தினமும் ஸ்கூட்டரில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய், வியாபாரிகள் ஒதுக்கிய காலிஃபிளவர் இலைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்.

கழுநீர்க் கணக்கு கீரையைக் காப்பாற்றியது. பசுவைக் காப்பாற்றவில்லை. கறக்கும் கலப்பினப் பசு கோடையில் ஒரு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதில் சிக்கனம் செய்தால் அன்றே பாலில் தெரிந்துவிடும். வீட்டு ஆழ்குழாய்க் கிணறு காற்றை ஊதத் தொடங்கியபோது மகன் பேச்செடுத்தார். தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். தாளில் எழுதியே காட்டினார். லாரித் தண்ணீர் இவ்வளவு, தீவனம் இவ்வளவு, பால் காசு இவ்வளவு. “சிட்டிக்குள்ள மாடு எதுக்கும்மா?” என்றார்.

இதே நகரத்தில்தான், பக்கத்து ஆடுகோடியில், 1923-லிருந்து மத்திய அரசின் பால்பண்ணை ஆராய்ச்சி நடக்கிறது. 1927-ல் ஓய்வுக்காக வந்திருந்த காந்தி மாடு வளர்ப்புப் பாடம் படிக்கப் போனது அங்கேதான். ஆனால் காந்தி படித்த பாடத்தில் லாரித் தண்ணீர் விலை இல்லை. பாட்டி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “கொடுத்துடு. ஆனா தெரிஞ்ச இடத்துல கொடு” என்றார். கரகம் முடிந்த வாரத்தில், ஆனேக்கல் பக்கம் இன்னும் கிணறு வற்றாத உறவினர் ஒருவர் டெம்போவோடு வந்தார். கிடாரி மட்டும் தங்கியது. அன்று மாலை பழக்கத்தில் இரண்டு மாட்டுக்குமாகக் கழுநீர் கலந்துவிட்டார் பாட்டி. மிஞ்சியதை வாழைக்கு ஊற்றினார்.

ஒரு வாரம் கழித்து, மே முதல் வாரத்தில், மாதக்கணக்காக முகம் காட்டாத மழை வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு மழை 133 ஆண்டுகளில் பெய்ததில்லை என்றது வானிலைத் துறை. சாலைகளில் மரங்கள் விழுந்தன. தெருவெல்லாம் வெள்ளமாக ஓடிச் சாக்கடையில் கலந்தது. மறுநாள் பேத்தி பியுசி நோட்டில் ஒரு கணக்குப் போட்டாள். முப்பதுக்கு நாற்பது சைட் என்றால் 1,200 சதுர அடி. அதன் மேல் அந்த நாளில் விழுந்தது 12,000 லிட்டருக்கும் மேல். இரண்டு லாரி. ஏப்ரலில் ஒரு பசுவை அனுப்பவைத்த தண்ணீர், ஜூனில் ஒரே நாளில் இலவசமாக வந்து, தங்க இடமில்லாமல் போய்விட்டது. அவள் போட்டது ஒரு மனைக்கான கணக்கு. ஏரிகளை மூடிய ஒரு நகரத்துக்கு அதைப் போட்டுப் பார்க்கத் தனியாகப் படிப்பு வேண்டியதில்லை.

நோட்டை வாங்கிப் பார்த்த மகன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தண்ணீரைத் தெருவுக்கு விட்ட குழாயை அறுத்து, குப்பை போட்டுத் தூர்த்திருந்த பழைய தோட்டக் கிணற்றின் பக்கம் திருப்பினார். கிணற்றைத் தூர்வார ஆள் தேட வேண்டும், செலவு இருக்கிறது. சைட்டை விலைக்குக் கேட்டு வரும் தரகரின் போன் எண்ணும் அவரிடம் இன்னும் இருக்கிறது. இரண்டில் எது முதலில் நடக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாட்டி கேட்பது வேறு. “கிடாரி சினைப்படற வயசாச்சு. டாக்டரை எப்பக் கூப்பிடப் போற?”