நீலி நாட்டிலிருந்து தாகூர் மாளிகைக்கு

கனகம்மாசத்திரத்தில் வளர்ந்தவனுக்குப் பேய் புதிதல்ல. பக்கத்துப் பழையனூர் நீலியின் ஊர். வணிகனைப் பழிதீர்த்தாள், அவன் உயிருக்கு வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீப்பாய்ந்தார்கள். திருவாலங்காட்டிலோ, பேயுருவை வரமாகக் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார். பாட்டிலேயே தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்டவர். எங்கள் அவ்வா தமிழும் தெலுங்குமாகக் கலந்து நீலி கதை சொல்லும்போது, ரோட்டில் திருப்பதி பஸ்ஸின் ஹாரன் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திருத்தணி போகும் நாட்களில் மட்டும் அந்தக் கதை கிடையாது. முருகன் பக்தர்கள் நடக்கிற பாதையில் அவளுக்கு என்னடா வேலை என்பாள்.

இந்தத் தைரியத்தில்தான் அகமதாபாத்தில் வேலை பார்த்த நாட்களில் ஷாஹிபாக்கின் மோதி ஷாஹி மஹாலுக்குப் போனேன். ஷாஜகான் இளவரசராக இருந்த காலத்துக் கட்டடம். ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூர் ஜட்ஜாக இருந்தபோது குடியிருந்தார். 1878-இல், சீமைக்குக் கப்பலேறுமுன், தம்பி ரவீந்திரநாத் வந்து தங்கினார். வயது பதினேழு. அண்ணன் கோர்ட்டுக்குப் போய்விட்டால் அவ்வளவு பெரிய வீட்டில் பையன் மட்டும். கீழே சபர்மதி. நிலா இரவுகளில் மொட்டைமாடியில் உலவியபடி தன் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டிருக்கிறார். அந்தத் தனிமை உள்ளேயே கிடந்து 1895-இல் 'பசித்த கல்' கதையாக வந்தது. பாழ் மாளிகையில் தங்கும் பருத்தி வரி அதிகாரியை, இரவானால் பழைய அந்தப்புரம் இழுக்கும். தபன் சின்ஹா 1960-இல் அதைப் படமாக்கினார். அப்புறம் மாளிகையின் பேர் கெடாமல் இருக்குமா?

அதே 1960-இல் குஜராத் பிறந்ததும் அது ராஜ்பவன் ஆனது. கவர்னர்கள் குடியிருந்த வீட்டில் எந்தப் பேயும் நிம்மதியாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். 1980-இல் சர்தார் படேல் நினைவகம். கூடங்களெல்லாம் படேல், மாடியில் தாகூருக்கு ஓர் அறை. நான் போன மதியம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கதையில் ஒரு பைத்தியக்காரர் விடியற்காலையில் மாளிகையைச் சுற்றி வந்து, எல்லோரையும் விலகிப் போகச் சொல்லிக் கத்துவார். நான் தாகூர் அறையில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன் போல. காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து, மூடும் நேரம், கிளம்புங்கள் என்றார். அவர் அந்தக் கதையைப் படித்திருக்கிறாரா என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த அறைக்கு விளக்கணைக்கப் போய்விட்டார்.