பொதி பிரிக்கும் கைகள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்தது எங்கள் சந்தவாசல். புடவையும் செருப்பும் கைப்பேசியும் இன்று இவ்வூருக்கும் பொட்டலமாய் வீடு தேடி வருகின்றன. கொண்டுவந்து தரும் இளைஞனை நாம் காண்கிறோம். எங்கோ ஒரு கிடங்கில் அதை ஊர்வாரியாகப் பிரித்து வைத்த கைகளை நாம் காண்பதில்லை. இயந்திரம் வந்தால் முதலில் வேலை இழப்பவை அக்கைகளே.

பிரிப்பது ஒரு காலத்தில் பெரும் கல்வியாக இருந்தது. ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் தபால் பிரிவின் ஊழியர்கள், ஓடும் வண்டியில் நின்றபடியே, எத்தனையோ ஊர்ப் பெயர்களை நினைவில் கொண்டு கடிதங்களை அறை அறையாக இட்டனர். ஒரே பெயர் கொண்ட ஊர்களாலும், பல மொழிகளில் எழுதிய முகவரிகளாலும் நேர்ந்த குழப்பத்தைத் தீர்க்க, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழகமும் கேரளமும் அடங்கிய மண்டலம்; கடைசி மூன்று இலக்கங்கள் தபால் நிலையம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மனிதனின் நினைவில் இருந்த அறிவு எண்ணாக மாறிற்று. எண்ணாக மாறியதை இயந்திரமும் படிக்கும் அன்றோ?

என் தமக்கை மகன் சென்னைக்கு அருகே ஒரு கிடங்கில் ஒப்பந்தக் கூலியாக நான்கு ஆண்டுகள் பொதி தூக்கினான். பின்னர் அங்கே ஓடும் பட்டையும், பொட்டலத்தின் கோட்டுக் குறியைப் படிக்கும் கருவியும் வந்தன. அவனுடைய குழுவினரை இனி வரவேண்டாம் என்றனர். ஊர் திரும்பியவன், “முதுகுவலி போச்சு மாமா, கூடவே வேலையும் போச்சு” என்றான். இயந்திரத்தின் நன்மை, தீமை இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. 2012-இல் கீவா சிஸ்டம்ஸ் என்னும் இயந்திர மனித நிறுவனத்தை வாங்கிய அமேசான், 2025 ஜூலையில் தன் கிடங்குகளில் பத்து இலட்சம் இயந்திர மனிதர்களை எட்டியதாக அறிவித்தது. அமெரிக்காவின் யு.பி.எஸ். பொதி நிறுவனம் 2025-இல் 48,000 வேலைகளைக் குறைத்தது. அதற்கு வணிகச் சுருக்கமும் காரணம், இயந்திரமயமாதலும் காரணம்.

இயந்திரத்தை வெறுப்பது நம் கடமையன்று. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் விடுத்த சுற்றுமடலில், தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணைவன் என்றார். பலருடைய வேலையைப் பறிக்கும்போது அதுவே பகைவனைப் போல் ஆகிவிடலாம் என்றும் எச்சரித்தார். துணைவனாக்குவதும் பகைவனாக்குவதும், அதனால் வரும் இலாபத்தை யார் கையில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

நம் நாட்டில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும், வழக்கமான இழப்பீட்டுக்கு மேலாக, 15 நாள் ஊதியத்தை மறுபயிற்சி நிதியில் முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது. வரவேற்கத் தக்கதே. ஆனால் 15 நாள் கூலியைக் கொண்டு எந்தத் தொழிலைக் கற்பது? முதுகுச் சுமையை இறக்கியவர்கள், அடுப்பு அணையாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டாமா? ஆளை அனுப்பிய பின்னர் அல்ல, இயந்திரத்தை வாங்கும்போதே அவனுடைய பயிற்சிக்கும் பணம் ஒதுக்குவதே நீதி.

பெற்றோர்களே, கிடங்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளிடம், தங்கள் பெயர் யாருடைய பேரேட்டில் உள்ளது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேட்டறியுங்கள். கூலி வரும் நாளிலேயே, இயந்திரத்தைப் பழுது பார்ப்பது போன்ற ஒரு கைத்தொழிலைக் கற்கத் தூண்டுங்கள். வேலை இழந்து வீடு திரும்பும் மகனை, ஊரார் பேச்சைக் கேட்டுச் ‘சோம்பேறி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் வீட்டு வாசலில் பொட்டலங்கள் வந்து இறங்க, கண்காணாமல் நின்று உழைத்தவன் அவன்.