தொட்டிச் செடியும் தூய நீரும்

நீரைத் தேக்கி வைத்து வாழப் பழகிய மக்கள் நாம். வற்றாத ஆறுகள் இல்லாத யாழ்ப்பாணத்திலே எம் முன்னோர் குளங்களும் கேணிகளும் வெட்டி மாரிமழையைக் காத்தனர். குளிக்கும் நீரும் வீணாகாது வாழைக்குப் பாயுமாறு கிணற்றடியில் வாய்க்கால் அமைத்தனர். திருக்குறளிலே கடவுள் வாழ்த்தினை அடுத்து வைக்கப்பட்டுள்ள அதிகாரமும் வான்சிறப்பே ஆகும். குழாயைத் திறந்தவுடன் நீர் பெருகும் இலண்டன் மாநகரிலே வாழும் நமக்கும் நீரைச் சேமிக்கும் தேவை உண்டா? உண்டு என்பதை எமது இல்லத்திற்கு உணர்த்தியது ஒரு கறிவேப்பிலைச் செடி.

இந்நாட்டிலே கறிவேப்பிலையை வீட்டினுள் தொட்டியில் வளர்க்காத தமிழ்க் குடும்பங்கள் சிலவே எனலாம். அவற்றுட் பல, இரண்டோர் ஆண்டுகளில் மெலிந்து போகின்றன. எமது செடியின் இளந்தளிர்களும் மஞ்சள் நிறமாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளிறியது. இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகும். ஆயினும், மண்ணில் இரும்பு இல்லை என்பது இதன் பொருளன்று. மண்ணில் உள்ள இரும்பைச் செடியால் உறிஞ்ச முடியவில்லை என்பதே பொருள்.

காரணத்தை அறிய விரும்புவோர் தம் வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தாற் போதும். அங்கே படிந்திருக்கும் வெண்ணிறப் படிவு கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. இலண்டனைச் சூழ்ந்த நிலத்தின் அடியிலே சுண்ணப் பாறை பரந்து கிடக்கின்றது. அதனூடாக ஊறிவரும் நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகின்றது. ஆகவே இங்குள்ள குழாய்நீர் வன்னீராக உள்ளது. அதனைக் குடிப்பதால் நமக்குத் தீங்கில்லை. ஆனால் தொட்டியிலே தொடர்ந்து ஊற்றும்போது சுண்ணாம்பு சேர்ந்து, மண் காரத்தன்மை அடைகின்றது. சற்றே அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் கறிவேப்பிலை அப்போது இரும்பைப் பெறாது வாடுகின்றது.

“யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல் நிலந்தானே? அங்கு கிணற்று நீரில் வளரவில்லையா?” என்று என் தந்தையார் வினவினார். நல்ல வினா அது. அங்கே செடியின் வேர் நிலத்திலே விரிந்து பரவுகின்றது. ஆண்டுதோறும் மாரிமழை மண்ணைக் கழுவி உப்புக்களை ஆழத்திற்குக் கொண்டு செல்கின்றது. வீட்டினுள் இருக்கும் தொட்டிக்கு மாரியும் இல்லை, ஆழமும் இல்லை. வந்து சேர்ந்த சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகின்றது.

நீரை மென்மையாக்கும் வழிகள் சில உள. நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியிற் படிந்துவிடும், மேல்நீரை வடித்தெடுக்கலாம். இரவு முழுவதும் நீரைத் திறந்து வைத்தால் அதிலுள்ள குளோரீன் ஓரளவு அகலக்கூடும். ஆனால் சுண்ணாம்பு அகலாது. கறியுப்பினால் இயங்கும் மென்னீராக்கிகள் கல்சியத்தை அகற்றி அதற்கு ஈடாகச் சோடியத்தைச் சேர்ப்பதால், அந்நீர் செடிகளுக்கு உகந்ததன்று.

மற்றொரு வழி, எதிர்ச் சவ்வூடுபரவல் எனப்படும் முறையாகும். அழுத்தத்தின் மூலம் நீரை மிக நுண்ணிய சவ்வினூடே செலுத்த, உப்புக்கள் பின்தங்கித் தூயநீர் மறுபுறம் வரும். இதற்கு ஏற்ற சவ்வினை 1960ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே உருவாக்கிய இருவருள் ஒருவர் இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப். உவர்நீரை நன்னீராக்கும் நோக்குடன் பிறந்த அம்முறை, இன்று சமையலறைத் தொட்டியின் கீழே அடங்கும் சிறு கருவியாகிவிட்டது.

குடிநீருக்காக எமது வீட்டிற் பொருத்திய அக்கருவியின் நீரைச் செடிக்கும் எடுக்கத் தொடங்கியபோது தந்தையார் முகம் வாடினார். “குடிக்கிற தண்ணியை மரத்துக்கு ஊத்துறதோ, தம்பி?” என்றார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு நடந்த இடப்பெயர்விலே, குடையை மலர்த்திப் பிடித்து மழைநீரை ஏந்தி அருந்தியவர் அவர். அவருடைய வினாவை எளிதாகத் தள்ளிவிட எம்மால் இயலவில்லை.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பயிலும் என் மகள் ஒரு வாளியும் அளவுக் குவளையும் எடுத்து அளந்து பார்த்தாள். ஒரு லீற்றர் தூயநீர் கிடைப்பதற்கு மூன்று லீற்றர் நீர் கழிவாக ஓடுகின்றது! கோடையிலே எமது தொட்டிகளுக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 25 லீற்றர் வேண்டும். அப்படியாயின் 75 லீற்றர் சாக்கடைக்குச் செல்லும். “அப்பப்பா சொல்வது சரி, அப்பா” என்றாள் அவள்.

ஆகவே கணக்கை மாற்றினோம். ஒரு சதுர மீற்றர் கூரையிலே ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். இலண்டனில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. எமது தோட்டக் கொட்டிலின் கூரை 6 சதுர மீற்றர். ஒரு பங்கு சிந்தினாலும், ஆண்டொன்றிற்கு 2,500 லீற்றருக்குக் குறையாது கிடைக்கும். மழைநீரில் சுண்ணாம்பு மிகச் சொற்பம். எனவே 200 லீற்றர் பீப்பாய் ஒன்றைக் கொட்டிலின் பீலியோடு இணைத்தோம். கோடையில் செடிகளுக்கு அதுவே போதுமானதாயிற்று. பீப்பாய் வற்றும் நாள்களிலும் கடுங்குளிர்காலத்திலும் மட்டுமே கருவிநீரை நாடுகின்றோம். குளிர்காலத்தில் வாரத்திற்கு 6 லீற்றர் போதும். அப்போது வெளியேறும் கழிவுநீரையும் வாளியில் ஏந்தி, தரை துடைக்கவும் மலசலகூடத்திற்கும் பயன்படுத்துகின்றோம்.

நீரைச் சேமிப்போர் கவனிக்க வேண்டியவை சில. வெளிச்சம் புகாத, மூடியுள்ள கலன்களையே பயன்படுத்துக. வெளிச்சம் பட்டாற் பாசி பிடிக்கும், மூடி இல்லையேல் நுளம்பு பெருகும். தூயநீர் உலோகத்தை அரிக்கக்கூடியது. ஆதலால் உணவுக்குரிய பிளாத்திக்குக் கலன்களே ஏற்றவை. வெப்பமான இடத்தில் நீரை நெடுநாள் தேக்கிவைத்தால் நோய்க்கிருமிகள் வளரக்கூடும்; ஓரிரு வாரத் தேவைக்கு மேல் வீட்டினுள் வேண்டாம். நீர் பாரமானது, 100 லீற்றர் 100 கிலோகிராம் நிறையுடையது. பீப்பாயைச் சமமான, உறுதியான மேடையிலே நிறுத்துக. குளிர்ந்த நீரை உடனே வேரில் ஊற்றாது, அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் ஊற்றுக.

இன்னொன்றும் உண்டு. கருவியினின்று வரும் நீரில் தீயவை மட்டுமன்றி, செடிக்கு வேண்டிய கல்சியமும் மக்னீசியமும் நீங்கிவிடுகின்றன. ஆகவே நாம் மூன்று பங்கு தூயநீருடன் ஒரு பங்கு குழாய்நீரைக் கலந்து, இளவேனிலிலும் கோடையிலும் சிறிது உரமும் இடுகின்றோம். முற்றும் தூய்மையானது முற்றும் நிறைவானதன்று என்பதை ஒரு செடி கற்பித்தது.

2022ஆம் ஆண்டு யூலையிலே இந்நாட்டின் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது. ஓகத்து 24 முதல் இலண்டன் உள்ளிட்ட தேம்சுப் பகுதியிலே நீர்க்குழாய் கொண்டு தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுதல் தடைசெய்யப்பட்டது. வளம் மிகுந்த நாட்டிற்கும் வறட்சி வரும் என்பதற்கு அதுவே சான்று.

மாணவச் செல்வங்களே! மழை பெய்யும்போது ஒரு கலத்தையேனும் வெளியே வையுங்கள். அளந்து பாருங்கள், அளந்ததைத் தமிழில் எழுதி வையுங்கள். பெற்றோரே! உங்கள் பிள்ளைகளின் அப்பப்பா, அம்மம்மாரிடம் கிணற்றையும் துலாவையும் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். எமது கறிவேப்பிலை இப்போது பச்சைத் தளிர் விட்டிருக்கின்றது. காலைதோறும் அதற்கு நீரூற்றுபவர் என் தந்தையார். அளவு சொல்பவள் என் மகள்.