ஐஸ் ஹவுஸில் ஒரு வெந்நீர் வைத்தியம்

மெரினாவை ஒட்டி, வளைந்த முகப்போடு பிறந்தநாள் கேக் மாதிரி ஒரு கட்டிடம் நிற்கிறதே, அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். 1897-ல் சுவாமிஜி அங்கே தங்கியிருந்தார். ஆனால் ஆட்டோக்காரரிடம் 'ஐஸ் ஹவுஸ்' என்று சொன்னால்தான் வண்டி நகரும். ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்கர், அவர் ஊரில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே விற்றார். அந்த ஐஸை வைக்க 1842-ல் கட்டிய கிடங்கு அது. இங்கேயே ஐஸ் செய்யும் வித்தை வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. பெயர் மட்டும் கரையவில்லை.

அந்த ஏரியாவில்தான் என் அக்கா வீடு. போன கத்திரி வெயிலில் திருச்சியிலிருந்து போய் இறங்கினேன். மாடிப்படி ஏறும்போதே மொட்டை மாடியில் விமானம் கிளம்புகிற சத்தம்.

"என்னக்கா, மீனம்பாக்கத்தை இங்கே மாத்திட்டாங்களா?"

"உன் மாப்பிள்ளைதான். சர்வர் சூடாயிருக்காம்."

"எந்த ஓட்டல் சர்வர்?"

அக்கா சிரிக்கவில்லை. கரண்ட் பில்லை எடுத்து நீட்டினாள். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா பிள்ளை கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். மாடி ரூமில் இரும்புச் சட்டம் ஒன்று. அதில், ஹார்மோனியத்தின் மேல் ரோடு ரோலர் ஏற்றினாற்போல, தட்டையாக இரண்டு மெஷின்கள். ரிச்சி தெருவில் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. உயரம் 4.4 சென்டிமீட்டர்தான். அதற்குள் பெரிய விசிறி எப்படி நுழையும்? தீப்பெட்டி அகலத்துக்குக் குட்டி விசிறிகள், நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றி ஊளையிடுகின்றன. இரண்டும் சேர்ந்து 1 கிலோவாட் சூடு. அதை விரட்ட ஏ.சி. கீழ் வீட்டு மாமி வாரம் ஒரு தரம் மேலே வந்து, பேசாமல் முறைத்துவிட்டுப் போகிறாராம்.

"தண்ணில ஆத்தப் போறேன் மாமா. ஒரே அளவு காத்தைவிட தண்ணி மூவாயிரம் மடங்குக்கு மேல சூட்டை வாங்கிக்கும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினா, 1 கிலோவாட்டுக்கு 14 டிகிரிதான் ஏறும். நாலு லிட்டர் ஓடினா நாலு டிகிரிகூட ஏறாது."

"தண்ணியா?" அக்கா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "2019-ல ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்த ஊருடா இது! மனுஷன் குடிச்ச மிச்சம்தான் மிஷினுக்கு!"

அவள் கோபத்தில் கணக்கு இருந்தது. வெட்டிவேர்த் தட்டி மாதிரி தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைத்தால், ஒரு யூனிட் கரண்ட் சூட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போய்விடும். நாள் முழுக்க ஓடினால் 36 லிட்டர். மூணு குடம்! அதுவும் கடலோரப் புழுக்கத்தில் தண்ணீர் சரியாக ஆவியாகவும் ஆகாது. இவன் திட்டம் வேறு. எட்டு லிட்டரை ஊற்றி மூடிவிட்டால் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். அக்கா அரை மனசோடு சரி என்றாள்.

மறுநாள் ஊர்வலம். ரிச்சி தெருவில் சிப் மேல் உட்காரும் செம்புக் கட்டிகள். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் குழாய், கிளாம்ப். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும், கறுப்புக் குழாய்தான் வேண்டும் என்று ஆறு கடை ஏறி இறங்கினான். கடைசியில் புதுப்பேட்டை. செத்த கார்களின் உறுப்பு தான மையம்!

"இன்னா வண்டி சார்?"

"வண்டி இல்லப்பா, கம்ப்யூட்டர்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு ரேடியேட்டரா? மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?"

அலுமினியத்தில் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளை மறுத்துவிட்டான். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் பாட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப் போகுமாம். பழைய அம்பாசடரின் செம்பு ரேடியேட்டர்தான் வேண்டும் என்றான். 2014-ல் உற்பத்தி நின்றுபோன கார். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியின் சூட்டை ஆற்றின நெஞ்சுக்கு, இந்த 1 கிலோவாட் எம்மாத்திரம்?

அக்காவின் எவர்சில்வர் அரிசி டிரம்தான் தொட்டி. போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும் என்று பாட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர். ரேடியேட்டர் மாடியில் நிழலில். அதன் முன்னே ஒரு பெடஸ்டல் ஃபேன். மெஷின்களை ஆன் செய்யாமல், ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே நியூஸ்பேப்பர் விரித்து, ஒரு நாள் முழுக்கப் பம்பை மட்டும் ஓட விட்டான். பேப்பர் நனையவில்லை. அப்புறம்தான் சுவிட்ச். டிஸ்க்குக்கும் மெமரிக்கும் காற்று வேண்டுமென்று விசிறிகளைக் குறைந்த வேகத்தில் விட்டுவைத்தான். ஊளை, முணுமுணுப்பாக அடங்கியது.

இதோடு நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுத் தூங்கினான். டிரம்மில் விட்டிருந்த மீன் தொட்டித் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 43 டிகிரி. வெந்நீர்! இதைப் போய் யாராவது குளிர்ச்சி என்பார்களா? ஐஸ் ஹவுஸில் இருந்துகொண்டு ஐஸ் இல்லாமலா? ஜூஸ் கடையில் இரண்டு கோணி ஐஸ் வாங்கி, துணி துவைக்கும் டப்பில் கொட்டி, டிரம்மை நடுவே வைத்தேன். ரேடியேட்டருக்கு இனி எதற்கு விசிறி என்று அதை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அரை மணியில் 16 டிகிரி. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

டப். மேல் மெஷின் அணைந்தது.

ஓடி வந்தவன் பிளக்கைப் பிடுங்கினான். மூடியைத் திறந்தால், குழாயெல்லாம் ஜிகர்தண்டா டம்ளர் மாதிரி வேர்த்து வழிகிறது. மே மாசத்துக் கடற்கரைக் காற்றில் சுமார் 25 டிகிரிக்குக் கீழே எதை வைத்தாலும் வியர்க்கும். ஒரு இணைப்பும் ஒழுகவில்லை. தண்ணீர் காற்றிலிருந்தே வந்துவிட்டது.

அவன் என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

"பதினேழு கல்யாணம் மாமா. அதுல ஒரு பொண்ணோட அப்பா, கல்யாணம் முடிஞ்சு பன்னிரண்டாம் நாள் தவறிட்டார். அவர் சிரிச்சுப் பேசினது எல்லாம் இதுலதான் இருக்கு."

"காப்பி எடுத்து வைக்கலையா?"

கீழ் மெஷினைக் காட்டினான். மேலிருந்து அதன்மேல்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் டேபிள் ஃபேன் காற்றில் எல்லாவற்றையும் பிரித்துக் காய வைத்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. மேல் மெஷினின் போர்டு போயேபோய்விட்டது. என் செலவில் இன்னொன்று வாங்கினோம். மூன்றாம் நாள் மெஷின் உயிர் பெற்று, திரையில் ஒரு பெரியவர் மாப்பிள்ளைக்குப் பாத பூஜை செய்தார். நடுவில் நிமிர்ந்து, காமிராவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் வெயிலைச் சாக்கிட்டு முகத்தைத் துடைத்தேன்.

"மாமா, சிப்புக்குக் குளிர் வேண்டாம். 62 டிகிரியில சௌக்கியமா ஓடுது. அதோட சூட்டை வெளியே தூக்கிட்டுப் போக ஆள் வேணும், அவ்வளவுதான். அதுக்கு 43 டிகிரி வெந்நீர் போதும்."

ஜெர்மனியில் ம்யூனிக் பக்கத்தில் கார்ஷிங் என்ற ஊரில் 2012-ல் வந்த சூப்பர்முக் என்ற ராட்சசக் கம்ப்யூட்டரை, 40 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில்தான் ஆற்றினார்களாம். அந்தச் சூட்டைக் குளிர்காலத்தில் கட்டிடத்துக்குக் கணப்பாகவும் உபயோகித்தார்கள். அக்காவும் சளைத்தவள் இல்லை. இப்போது ரேடியேட்டரின் அனல் காற்றுக்கு எதிரே வடாம் காய்கிறது.

நான் கிளம்பும்போது மாப்பிள்ளை ஒரு டிஸ்க்கை மஞ்சள் பையில் சுற்றிக் கொடுத்தான். பதினேழு கல்யாணத்துக்கும் இன்னொரு காப்பி. எல்லாம் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று ஞானோதயமாம்.

"திருச்சியில பத்திரமா வெச்சுக்கங்க மாமா. பீரோவுல வைங்க, பெட்டியில வைங்க... ஃபிரிட்ஜ் பக்கம் மட்டும் போகாதீங்க!"