அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லின் வயது

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும்போது, அது ஒரு காலத்தில் உயிருள்ள ஒன்றின் ஓடாக இருந்தது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கிளிஞ்சலைச் சுட்டதாயின் நேற்றைய சிப்பி. கல்லைச் சுட்டதாயின் பெரும்பாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலுயிர்களின் ஓடு. நாங்கள் பிறந்த அரியலூர் வட்டாரம் இத்தகைய கல்லின்மேல்தான் அமர்ந்திருக்கிறது. கொழுவில் தட்டுப்படும் சுருள் கற்களைப் பிள்ளைகள் நத்தைக் கல் என்று சொல்லி விளையாடுவார்கள்.

பிழைப்பை நாடிக் கொல்கத்தா வந்து, இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகத்தில் அமர்ந்த பிறகே அக்கற்களின் வரலாறு எங்களுக்குத் தெரியவந்தது. வியப்பு என்னவெனில், அவை எங்களுக்கு முன்பே இந்நகருக்கு வந்துவிட்டன! 1846-ல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பார் தென்னாட்டுச் சிப்பிகளை இலண்டனில் ஆராய்ந்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்டு என்பார் நிலத்தை நடந்து பார்த்து, உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குத் தொகுதிகளாக வகுத்தார். 1862-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா, அவற்றின் உயிர்களைப் பெருந்தொகுதிகளில் விரித்துரைத்தார். மொரேவியாவில் பிறந்த அவர், 1874-ல் லடாக்கில் தம் 36-ஆம் வயதில் காலமானார். பிறந்த மண்ணை விட்டு வந்து நம்மூர்ச் சிப்பிகளுக்குப் பெயரிட்டவர், லே நகரில் உறங்குகிறார்.

கல்லில் தேதி பொறிக்கப்படவில்லையே, வயதை எவ்வாறு அறிகிறார்கள் என்று எங்கள் மூத்த பையன் கேட்டான். மேலட்டை கிழிந்த இரயில் கால அட்டவணை ஒன்றைக் கொண்டு விளக்கினோம். அதில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இருந்தால், அது 1977-க்கு முற்பட்டதாகாது. சென்னை நகரம் 'மெட்ராஸ்' என்றே அச்சிடப்பட்டிருந்தால், பெரும்பாலும் 1996-க்குப் பிற்பட்டதாகாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டால் காலம் அவ்விரண்டிற்கும் இடையே அடைபட்டுவிடுகிறது. ஒவ்வோர் உயிரினத்திற்கும் தோன்றிய காலமும் மறைந்த காலமும் உண்டு. ஒரே அடுக்கில் பல இனங்கள் கூடிக் கிடந்தால், அவை யாவும் ஒருங்கே வாழ்ந்த குறுகிய காலமே அவ்வடுக்கின் காலம்.

இதற்கு எல்லாச் சிப்பியும் உதவா. நெடுங்காலம் உருமாறாது வாழ்ந்த இனத்தால் பயன் சிறிதே. விரைவில் மாறி, உலகக் கடல்கள் பலவற்றிலும் பரவி, எளிதில் அடையாளம் காணத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டு உயிர் இவ்வகையில் தலைசிறந்தது. நம் பூசைப் பெட்டியில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அவ்வினமே.

இவ்வளவில் எது முந்தியது, எது பிந்தியது என்பது மட்டுமே தெரியும். ஆண்டுக் கணக்கு வேறிடத்திலிருந்து வருகிறது. அதே இன அம்மோனைட்டுகள் வட அமெரிக்காவில் எரிமலைச் சாம்பல் படிவுகளுக்கு இடையே கிடைக்கின்றன. அச்சாம்பலிலுள்ள கதிரியக்கப் பொருள் எவ்வளவு சிதைந்துள்ளது என்று அளந்து ஆண்டைக் கணிக்கிறார்கள். இவ்வாறு ஒப்பிட்டே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லுக்கு ஏறத்தாழ 7 கோடி ஆண்டு என்கிறார்கள். கல்லக்குடிப் பக்கத்துக் கல்லோ 10 கோடிக்கும் மேற்பட்டது. நின்னியூர்ப் பகுதியின் மேலடுக்குகளில் அம்மோனைட்டே இல்லை. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்வினம் அழிந்துபட்ட காலத்திற்குப் பின் படிந்த கல் அது. அங்கே அதன் உறவான நாட்டிலஸ் மட்டும் எஞ்சிக் கிடக்கிறது.

இவ்வளவும் ஏட்டறிவாகவே இருந்திருக்கும். சென்ற ஆவணியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் பாட்டனார் காலத்துப் புன்செய் இரண்டரை ஏக்கரைச் சுரங்கத்திற்காக ஒரு கம்பெனி கேட்கிறது. தம்பியின் கையொப்பமும் வேண்டும் என்று எழுதியிருந்தார். மானாவாரியில் அவருக்கு வயிறு நிறைந்ததில்லை. இரண்டு பெண்களுக்குத் திருமணம் ஆகவேண்டும். ஆண்டுக்கொரு முறை விடுமுறையில் சென்று வரப்பில் நின்று மகிழும் நாங்கள், விற்காதே என்று சொல்ல என்ன உரிமை பெற்றோம்? வீட்டில் அவள் மட்டும், "மாமனார் வெட்டிய கிணறும் போய்விடுமே" என்றாள். மூன்று நாட்கள் கழித்துக் கையொப்பமிட்டு அனுப்பினோம்.

கூடவே ஒரு வேண்டுகோளும் எழுதினோம். கிணற்றுச் சுவரில் தெரியும் சுருள் கற்களில் சிலவற்றை, இயந்திரம் இறங்குமுன் எடுத்து வையுங்கள். எடுத்த இடத்தையும் ஆழத்தையும் ஒவ்வொன்றின்மீதும் எழுதிவிடுங்கள் அண்ணா என்றோம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத சிப்பி, முகவரிச் சீட்டு உதிர்ந்த பார்சலைப் போன்றது. எத்துணை அழகாயினும் அது கிடந்த அடுக்கின் வயதைச் சொல்ல உதவாது. வெடி வைத்துக் குவித்தபின் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துபோம்.

தீபாவளிக்கு முன் ஒரு சாக்குப் பொட்டலம் வந்தது. உள்ளே ஐந்து கற்கள். அண்ணனுக்குக் கண்பார்வை மங்கல். எழுத்து அவர் சின்னப் பெண்ணுடையது. பெரிய கல்லில் ஒட்டிய காகிதத்தில், "கிழக்குச் சுவர், படிக்கு வலப்புறம், மேலிருந்து 11 முழம்" என்று இருந்தது.